ஏலத்தட்டையைத் துளைக்கும் புழு

(போடிநாயக்கனூரிலும் அதன் மலைச்சரிவுக் கிராமங்களிலும் உள்ள கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களின் பொருட்டு நிகழ்த்திய பிரசங்கம்)



ஏலத்தோட்டத்தில் புழுவொன்று கண்ணிற் பட்டவுடனே தோட்டக்காரர் கேட்கும் முதற் கேள்வி, "இதற்கு என்ன மருந்து அடிப்பது?" என்பதாகும். கடைக்காரரும் தாமதியாமல் ஒரு புட்டியை எடுத்துக் கொடுத்துவிடுகிறார். அதற்கு முன்னதாகக் கேட்கப்பட வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. அதைக் கடையில் யாரும் கேட்பதில்லை. "இந்தப் புழு எந்தச் செடியைத் தின்று வளருகிறது?" என்பதே அது. அதற்கு விடை தெரியாமல் வாங்கிய மருந்துக்குக் கொடுத்த பணம் பெரும்பாலும் சங்கத்தில் வாங்கிய கடனாகவே இருக்குமாதலால், இவ்விஷயம் சங்க அங்கத்தினர்கள் கூடியிருக்கும் இடத்தில் பேசத்தக்கதேயாகும்.

போடிநாயக்கனூரிலிருந்து 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து போடிமெட்டு ஏறினால் ஏலமலை தொடங்கிவிடுகிறது. மேலே உள்ள தோட்டங்களிற் பெரும்பாலானவை கேரளத்து இடுக்கி ஜில்லாவைச் சேர்ந்தவையாயினும், அவற்றில் உழைப்பவர்களிலும் முதல் போட்டவர்களிலும் பலர் கீழே தேனி ஜில்லாவில் குடியிருப்பவர்களே. காய் விலைபோவதும் போடியில்தான். ஏலத்தை ஏலம் விடுகிற ஊர் என்று வேடிக்கையாகச் சொல்வதற்கு இடமுண்டு. இங்கே விலை ஏறினால் கல்யாணம் நடக்கும். இறங்கினால் நகை அடகுக்குப் போகும். 2019-ம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் புற்றடி ஏலத்தில் கிலோ ஒன்றுக்கு 7,000 ரூபாய் வரையில் விலை கேட்கப்பட்டது. அப்படிப்பட்ட காலத்தில் ஒரு தட்டை வாடினாலும் தோட்டக்காரர் பதறிப்போவது இயற்கையே. பதற்றத்தில் அடித்த மருந்துக்குக் கணக்கு யாரும் எழுதிவைப்பதில்லை. விலை இறங்கிய பிறகு கடன் பத்திரம் மட்டும் பாக்கியாக நிற்கிறது.

புழுவுக்கும் செடிக்கும் உள்ள சம்பந்தம் கிராமத்தாருக்குப் புதிதன்று. பட்டுப்புழுவுக்கு முசுக்கட்டை இலைதான் வேண்டும். ஆமணக்கு இலையில் வளருகிற பட்டுப்புழு வேறு இனம். எருக்கஞ்செடியில் வரி வரியாய் இருக்கும் புழுவைக் கறிவேப்பிலையில் யாரும் பார்த்ததில்லை; கறிவேப்பிலையில் இருக்கும் புழு எருக்கில் இராது. தாய்ப்பூச்சி தன் இனத்துக்குரிய செடியை வாசனையினாலும் கால்களின் ஸ்பரிசத்தினாலும் அறிந்தே முட்டையிடுகிறது. முட்டையிலிருந்து வந்த குஞ்சுப்புழு அந்தச் செடியைத் தின்றே பெரிதாகிக் கூட்டுப்புழுவாக வேண்டும். முட்டை, புழு, கூடு ஆகிய மூன்றும் எந்தச் செடியை நம்பி நடைபெறுகின்றனவோ, அதுவே அப்புழுவின் உணவுச்செடி எனப்படும். ஒரு செடியின்மேல் புழு உட்கார்ந்திருப்பதைப் பார்த்த மாத்திரத்தில் அதுதான் அதன் உணவுச்செடி என்று சொல்லிவிட முடியாது. கூடு கட்ட இடந்தேடி அலையும் புழு வேலிக்கல்லின்மேலும் ஏறும். அதனால் அது கல்லைத் தின்கிறது என்று யாரும் சொல்வதில்லையே!

ஏலமலையில் இந்த வித்தியாசத்தைக் கண்ணெதிரே காட்டுவது கம்பளிப்புழு. ஆடு மயிர்போல அடர்ந்த ரோமம் உடையது; உடம்பில் பட்டால் அரிக்கும்; தட்டைகளின் இலைகளைச் சூறையாடிவிடும். இதில் பல இனங்கள் ஏலத்தோட்டத்தில் உண்டு. அவற்றிற் பல யூப்டெரோட்டி என்னும் குலத்தைச் சேர்ந்தவை. இலைகளை அது மொட்டையடித்திருப்பதைப் பார்த்தவர் இது ஏலப்புழு என்றே எண்ணுவார். உண்மையில் அதன் பிறப்பு நிழல் மரத்திலே நடக்கிறது. ஜூன், ஜூலை மாதங்களில் தென்மேற்கு மழை பிடித்ததும் மண்ணிலிருந்து அந்துப்பூச்சிகள் வெளிவந்து முள்முருங்கை முதலிய நிழல் மரங்களின் இலைகளின் அடிப்புறத்தில் முட்டையிடுகின்றன. சிறு புழுக்கள் கூட்டங்கூட்டமாய் மர இலையைத் தின்று வளருகின்றன. சற்றுப் பெரிதானதும் நூலிழை விட்டு இறங்கிக் கீழே உள்ள ஏலச்செடியின்மேல் விழுகின்றன. மழைக்காலம் கழிந்து பனிக்காலம் வரும்போது மண்ணுக்குள் புகுந்து கூடு கட்டி, மறு மழைவரையில் உறங்குகின்றன.

இது தெரிந்தவருக்கு வேலை எளிது. பகற்பொழுதில் இப்புழுக்கள் மரத்தின் அடிப்பாகத்தில், பழைய கம்பளித்துண்டு ஒன்றைச் சுற்றி வைத்ததுபோல, நூற்றுக்கணக்கில் ஒட்டிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் ஓர் ஆள் கையுறையோடு வாளியும் துடைப்பமும் கொண்டு போனால், ஒரு மரத்துக் கூட்டத்தைச் சில நிமிஷத்தில் வழித்து அழித்துவிடலாம். இது தெரியாதவர் ஏலச்செடி முழுவதும் மருந்தை அடிக்கிறார்; மேலே மரத்தில் உள்ள கூட்டம் மறுநாள் மீண்டும் இறங்குகிறது. மருந்து பழுதானது என்று கடைக்காரரோடு சண்டை மூள்கிறது. பழுது மருந்தில் இல்லை.

இனி இந்தப் பிரசங்கத்துக்கு முக்கியமான புழுவுக்கு வருவோம். ஏலத்தட்டையின் நடுக்குருத்து திடீரென்று காய்ந்து பழுக்கிறது. இழுத்தால் கையோடு வந்துவிடுகிறது. தட்டையின் பக்கத்தில் ஒரு துவாரம் இருக்கிறது. அதன் வாயில் ஈர மரத்தூள்போன்ற எச்சம் வழிகிறது. தட்டையைப் பிளந்தால், உள்ளே வெளிறிய பச்சையும் முதுகில் ரோஜா நிறச் சாயையும் கொண்ட புழு ஒன்று, கபில நிறத் தலையோடு படுத்திருக்கும். உடம்பில் சிறு சிறு மருக்கள். ஒவ்வொரு மருவிலும் நுண்ணிய ரோமம் ஒன்று. இதே புழு சிறுபிராயத்தில் சுருண்ட குருத்திலும், பூச்சரத்திலும், இளங்காயிலும் நுழைந்து தின்னும். தின்ற காய் உள்ளீடின்றி வெறுங்கூடாகிவிடும். வளர்ந்த பின்பு தட்டைக்குள் புகுந்து, தான் குடைந்த வழியிலேயே பட்டுநூற்கூடு கட்டிக்கொள்ளும். அதிலிருந்து வெளிவரும் அந்துப்பூச்சி பார்க்க அழகானது. மஞ்சள் நிறச் சிறகுகளில் கறுப்புப் புள்ளிகள் இறைத்தாற்போல் இருக்கும்.

இதே மஞ்சள் அந்தும், இதேபோன்ற புழுவும் ஆமணக்கிலும் உண்டு. கொட்டைமுத்துக் குலையைத் துளைத்து, எச்சத்தையும் நூலையும் சேர்த்துக் காய்களை ஒட்டவைத்துவிடும் புழுவை ஆமணக்கு வைத்திருப்பவர்கள் அறிவார்கள். ஏலத்து அந்தையும் ஆமணக்கு அந்தையும் ஒரே தட்டில் வைத்தால் வெறுங்கண்ணுக்கு வேற்றுமை புலப்படாது. ஆகையால்தான் வழக்கு எழுகிறது.

வழக்கு இப்படி எழுவதாக வைத்துக்கொள்ளலாம். சரிவின் மேற்பகுதியில் ஒருவருக்குச் சிறிய ஏலத்தோட்டம். கீழே அவருடைய மாமன் மகனுக்கு மானாவாரி நிலம், வரப்போரமெல்லாம் ஆமணக்கு. மேலே குருத்துக் காய்ந்ததும் தோட்டக்காரர் இறங்கிவந்து, "மாப்பிள்ளை, உன் கொட்டைமுத்தைத் துளைத்த புழுதான் பறந்து வந்து என் தட்டையையும் துளைக்கிறது. வேலியோடு அத்தனையையும் வெட்டிப்போடு" என்கிறார். "மச்சான், எண்ணெய்ச் செலவுக்கு வைத்திருப்பதே இந்த நாலு செடிதான். மூன்று தலைமுறையாய் இருக்கிற ஆமணக்கு, இப்போதுதானா உங்களுக்குப் பகையானது?" என்கிறார் கீழ் நிலத்துக்காரர். பஞ்சாயத்துக்குப் போனால் பெரியவர்கள் புத்தகம் படித்தவரைக் கேட்பார்கள். பழைய புத்தகம் படித்தவரோ மேல் தோட்டக்காரர் பக்கமே தீர்ப்புச் சொல்லுவார்.

பழைய புத்தகங்கள் அப்படித்தான் இருந்தன. 1854-ம் வருஷத்தில் கெனே என்னும் பிரஞ்சு தேசத்துப் பூச்சி சாஸ்திரி, புள்ளி பொருந்திய மஞ்சள் அந்து ஒன்றுக்கு, புள்ளி தாங்கியது என்னும் பொருள்பட, பங்டிஃபெராலிஸ் என்று பெயரிட்டார். அதன் குலப்பெயர் பிற்பாடு டைக்கோக்ரோசிஸ் என்றும், கானோகீத்தஸ் என்றும் மாறி மாறி வழங்கிற்று. இந்தியாவில் ஆமணக்கு, ஏலம், இஞ்சி, மஞ்சள், கொய்யா, மாதுளை, கோக்கோ ஆகிய எதைத் துளைத்த மஞ்சள் அந்துப்புழுவானாலும் அந்த ஒரே பெயரைச் சூட்டிவிடுவது வழக்கமாயிற்று. சீனம், ஜப்பான் தேசங்களில் பீச்சுப் பழத்தைத் துளைக்கும் புழுவுக்கும் அதே பெயர். ஒரு புழு இத்தனை வகைச் செடிகளைத் தின்கிறதென்றால் அது பெருந்தீனிக்காரப் புழு என்று எழுதிவைத்தார்கள். எழுதினவர்கள்மீது குற்றமில்லை. அக்காலத்தில் அவர்களிடம் இருந்த கருவிகள் பூதக்கண்ணாடியும், ஊசியில் குத்திவைத்த அந்தும்தான்.

ஆனால் வயலில் புழு வளர்த்துப் பார்த்தவர்களுக்குச் சந்தேகம் இருந்துகொண்டே இருந்தது. ஆமணக்கிலிருந்து எடுத்ததும் ஏலத்திலிருந்து எடுத்ததும் நடத்தையில் ஒத்துப்போகவில்லை. இந்தச் சந்தேகத்தைத் தீர்க்க, அந்துவின் உடல் உறுப்புகளை நுண்ணோக்கியில் ஆராய்ந்தார்கள். புழுப்பருவத்தையும் கூட்டுப்பருவத்தையும் ஒப்பிட்டார்கள். உயிரணுவுக்குள் இருக்கும் மரபணுவின் ஒரு பகுதியை எழுத்தெழுத்தாய் வாசித்தும் பார்த்தார்கள். 2018-ம் வருஷத்தில் ஷஷாங்க், கம்மார், மாலி, சக்ரவர்த்தி ஆகிய நால்வரும் சேர்ந்து ஜூடாக்ஸா என்னும் விலங்கியல் பத்திரிகையில் முடிவை வெளியிட்டார்கள். ஏலத்தின் தட்டையையும் காயையும் துளைக்கும் புழு, ஆமணக்குப் புழு அன்று. அது தனி இனம். அதற்கு அவர்கள் இட்ட பெயர் கானோகீத்தஸ் சஹ்யாத்ரியென்ஸிஸ். சஹ்யாத்ரி என்பது மேற்குத் தொடர்ச்சி மலையின் பெயராதலால், இம்மலையைச் சேர்ந்த புழு என்று அதற்குப் பொருள். 1854-லிருந்து கணக்கிட்டால் 164 வருஷம். அத்தனை காலமும் மலையில் பிறந்த ஒரு புழு பிறத்தியார் பெயரைச் சுமந்துகொண்டு தட்டைக்குள் இருந்திருக்கிறது.

பெயர் மாறினால் என்ன, தட்டை காய்வது காய்வதுதானே என்று ஓர் அங்கத்தினர் கேட்கலாம். கேள்வி நியாயமானது. பெயர் மாறியதால் முதலாவதாகக் கீழ் நிலத்து ஆமணக்கு குற்றத்திலிருந்து விடுதலை அடைகிறது. ஏலத்தில் குடும்பம் நடத்தும் அந்து, ஆமணக்கு வேலியை நம்பி இருக்கவில்லை. வேலியை வேரோடு பிடுங்கினாலும் மேலே தட்டை காய்வது நிற்காது. உறவு முறிந்ததுதான் மிச்சமாகும். இரண்டாவதாக, சந்தேகம் போகவேண்டிய திசை வேறு. ஏலம் இஞ்சிக் குலத்தைச் சேர்ந்தது. இஞ்சி, மஞ்சள் ஆகியவற்றின் தண்டையும் இவ்வகைத் துளைப்புழு துளைத்து நடுக்குருத்தைக் காயவைக்கிறது. ஆகையால் ஏலத்தோடு இஞ்சியோ மஞ்சளோ போட்டிருப்பவர், நிலத்தைச் சுற்றிப் பார்க்கும்போது வேலி ஆமணக்கை விட்டுவிட்டு அந்தத் தண்டுகளைப் பார்க்கவேண்டும். ஓடையோரத்தில் தானே முளைத்துக் கிடக்கும் காட்டு ஏலத்தையும், அரத்தை போன்ற அதன் உறவினங்களையும் பார்ப்பது நல்லது. மூன்றாவதாக, ஆமணக்குப் புழுவுக்கென்று எழுதப்பட்ட கால அளவும் சிகிச்சையும் ஏலத்துக்கு அப்படியே பொருந்தும் என்று நம்பி இருந்துவிட முடியாது. ஒருவருடைய ஜாதகத்தை வைத்துக்கொண்டு மற்றவருக்கு முகூர்த்தம் வைப்பதுபோல் ஆகிவிடும்.

இதற்கு மாறான பிழையும் உண்டு. துவாரம் உள்ள காயைப் பார்த்ததும் எல்லாம் தட்டைத் துளைப்பான் வேலையே என்று முடிவுகட்டக் கூடாது. பூவையும் இளங்காயையும் துளைக்கும் இன்னொரு புழு ஏலத்தில் உண்டு. அது அந்துப்பூச்சியின் புழுவே அன்று. நீலச் சிறகுடைய ஒரு சிறிய பட்டாம்பூச்சியின் புழு. குட்டையாய், சப்பையாய், நடப்பதே தெரியாமல் ஊர்ந்து செல்லும். இதைக் கண்டவர்களிற் பலர் புழு என்றே எண்ணாமல், ஏதோ செதில் என்று தட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். காயில் வட்டமான துவாரம் இட்டு விதையைத் தின்றுவிடும், தட்டைக்குள் போகாது, குருத்தும் காயாது. காயின் தோல் சொறி பிடித்ததுபோல் இருந்து துவாரம் ஏதும் இல்லாவிட்டால், அது புழுவே அன்று. இலைப்பேன் சுரண்டிய அடையாளம். விலையில் கைவைக்கிறது சொறி. எடையில் கைவைக்கிறது துளை. இரண்டுக்கும் ஒரே மருந்தை ஒரே நாளில் அடிக்கிறவர் எதற்காக அடித்தோம் என்று பின்னர் சொல்லமுடியாமல் நிற்கிறார்.

ஆமணக்கிலும் இத்தகைய மயக்கம் உண்டு. இலை நரம்பை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் தின்றுவிடும் புழு, முதுகை வளைத்து வளைத்து நடக்கும். அது துளைக்கிற இனம் அன்று. அதற்கும் ஏலத்துக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. இதையும் மேல் தோட்டத்துக் கணக்கிலே எழுதுபவர்கள் உண்டாதலால் இங்கே சொல்லப்பட்டது.

துளைப்புழுவுக்கு மருந்தடிப்பதில் உள்ள சங்கடம் யாதென்றால், அது தட்டைக்குள் புகுந்த பிறகு மருந்து அதன்மேல் படுவதே இல்லை என்பதாகும். வெளியே எச்சம் வழிவதைப் பார்த்து அடிக்கிற மருந்து இலையை நனைத்து மண்ணில் வடிகிறது. உள்ளே இருப்பவர் சுகமாக இருக்கிறார். மஞ்சள் அந்துகள் தோட்டத்தில் தென்படத் தொடங்கிய 15 முதல் 20 நாட்களுக்குள், குஞ்சுப்புழு குருத்திலும் சரத்திலும் வெளிப்பட இருக்கும்போது மட்டுமே தெளிப்பு பயன்படும். ஆகையால் புழுவை எண்ணுவதைவிட அந்தை எண்ணுவது முக்கியம். நோய்ப்பட்ட தட்டைகள் நூற்றுக்குப் பத்துக்குக் குறைவாக இருந்தால் மருந்தை நினைக்கவே வேண்டியதில்லை. எச்சம் வழியும் தட்டையை அடியோடு அறுத்து, உள்ளே இருக்கும் புழுவோடு அழித்துவிடுவதே போதுமானது. செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் கவனமாக இதைச் செய்தவர் அடுத்து வரும் தலைமுறையைப் பெருமளவு குறைத்துவிடுகிறார். அறுத்த தட்டையை வரப்பிலே போட்டுவிட்டுப் போனால் செய்த வேலையெல்லாம் வீண். புழு அதிலேயே கூடு கட்டி அந்தாகிப் பறந்துவிடும்.

மருந்து வீணாவதோடு நஷ்டம் நிற்பதில்லை. ஏலப்பூ ஒரே நாள்தான் மலர்ந்திருக்கும். அந்த ஒரு நாளில் தேனீ வந்து தொட்டால்தான் காய் பிடிக்கும். மலைத்தேனீயும், பொந்தில் அடுக்கடுக்காய்க் கூடு கட்டும் தேனீயும் ஏலத்தோட்டத்தின் சம்பளமில்லாத வேலைக்காரர்கள். காலை வேளையில் அவை சரத்தில் திரியும்போது மருந்தடிப்பவர், புழு தின்னாமல் விட்ட காயையும் பிடிக்கவொட்டாமல் செய்துவிடுகிறார். கட்டாயம் அடிக்க நேர்ந்தால் தேனீ திரும்பிப்போன பிற்பகலில் அடிப்பதே முறை. பிறகு எச்சத்தின் கதை இருக்கிறது. என்டோசல்பான் என்னும் மருந்து ஒரு காலத்தில் எல்லாப் புழுவுக்கும் சர்வரோக நிவாரணியாக எண்ணப்பட்டது. 2011-ம் வருஷம் மே மாதத்தில் சுப்ரீம் கோர்ட்டு அதைத் தடுத்து உத்தரவிட்டது. ஏலக்காயை விரும்பி வாங்கும் அராபிய தேசங்களும் காயில் மருந்து எச்சம் இருக்கிறதா என்று சோதித்தே ஏற்கின்றன. பச்சை நிறமும் பருமனும் சிறந்த காயாக இருந்தாலும் சோதனையில் தவறினால் திரும்பி வரும். ஒருவருடைய தோட்டத்து மூட்டை மற்றவர்களுடையதோடு கலந்தே வியாபாரியின் கிடங்குக்குப் போகிறதாதலால், ஒருவர் செய்த அவசரம் ஊர்க்காயின் பேரைக் கெடுக்கும். ஒருவருக்கு ஒருவர் ஜாமீன் நின்று கடன் வாங்கிப் பழகியவர்களுக்கு இதை விரித்துச் சொல்லவேண்டியதில்லை.

இந்த இடத்திலேதான் சங்கம் செய்யத்தக்க காரியம் இருக்கிறது. புழுவைத் தனித்தனியே ஒவ்வொருவரும் இனங்காண முயலுவதைவிட, சங்கம் ஒன்றுக்கு ஒரு பூதக்கண்ணாடியும், சில அகன்ற வாய்க் கண்ணாடிப் புட்டிகளும், கொஞ்சம் மல் துணியும் வாங்கி வைத்தால் போதும். ஒரு தெளிப்புக்கு ஆகும் மருந்துச் செலவில் சிறு பகுதிகூட இதற்குப் பிடிக்காது. சந்தேகமான தட்டையை அங்கத்தினர் ஒருசாண் நீளத்துக்கு அறுத்துக் கொண்டுவரலாம். புழுவை வெளியே எடுத்துவிடாமல், தட்டையோடேயே புட்டியில் இட்டு வாயை மல் துணியால் கட்டி நிழலில் வைக்கவேண்டும். மூன்று நான்கு நாளைக்கு ஒருமுறை அதே தோட்டத்துப் புதுத் தட்டைத்துண்டு ஒன்றைப் போட்டு, பழையது அழுகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஏறக்குறைய மூன்று அல்லது நான்கு வாரத்தில், குளிர் மாதமானால் இன்னும் சற்றுக் கழித்து, அந்து வெளிவரும். இதுவே சாட்சி. சில வேளைகளில் அந்துக்குப் பதிலாக மெல்லிய குளவி ஒன்று வெளிவருவதும் உண்டு. அதைக் கண்டு புட்டி கெட்டுப்போயிற்று என்று வருந்தவேண்டாம். புழுவுக்குள் முட்டையிட்டு அதை உள்ளிருந்தே தின்று தீர்க்கும் குளவி அது. அந்தத் தோட்டத்தில் மருந்தடிப்பதற்கு முன் இரண்டுமுறை யோசிக்கவேண்டும் என்பதற்கு அதைவிடச் சிறந்த அத்தாட்சி கிடையாது.

இதில் ஒரு தந்திரம் பலிக்காது. ஏலத்திலிருந்து எடுத்த வளர்ந்த புழுவை ஆமணக்குக் காயோடு புட்டியில் அடைத்துவிட்டு, அது சற்றுக் கடித்ததைக் காட்டி, "பார்த்தீர்களா, இதையும் தின்கிறது" என்று சொல்வது சோதனை ஆகாது. பசியெடுத்த புழு பலவற்றைக் கொறித்துப் பார்க்கும். பஞ்சகாலத்தில் மனிதர் கிழங்கும் கீரையும் தேடித் தின்றதைக்கொண்டு அவர்கள் நெற்சோறு உண்ணும் ஜாதியினர் அல்லர் என்று சொல்லிவிட முடியுமா? தாய் அந்து தானாக வந்து முட்டையிட்ட செடியில், குஞ்சு பிறந்து கூடு கட்டும் வரையில் வளர்ந்ததா என்பதே கேள்வி. ஆமணக்கு வைத்திருப்பவரும் தம் குலையில் உள்ள புழுவைத் தனிப்புட்டியில் ஆமணக்குக் காயோடேயே வளர்த்து வைக்கட்டும். இரண்டு புட்டியும் பக்கத்துப் பக்கத்தில் சங்கக் கட்டிடத்தின் ஜன்னலோரத்தில் இருந்தால், வழக்காளிகள் இருவரும் வாரம் ஒருமுறை வந்து பார்த்துப் போகலாம். அதுவரையில் கோடாலியும் தெளிப்பானும் சும்மா இருக்கட்டும்.

வெறுங்கண்ணால் தீராத பகுதியைத் தீர்த்துக்கொடுக்கச் சாஸ்திரம் கற்றவர்கள் தூரத்தில் இல்லை. ஏலமலையிலேயே மைலாடும்பாறையில் நறுமணப் பொருள் வாரியத்தைச் சேர்ந்த இந்திய ஏலக்காய் ஆராய்ச்சி நிலையமும், பாம்பாடும்பாறையில் கேரள விவசாயச் சர்வகலாசாலையின் ஏலக்காய் ஆராய்ச்சி நிலையமும் இருக்கின்றன. கீழே பெரியகுளத்தில் தோட்டக்கலைக் கல்லூரி இருக்கிறது. ஒருவர் கையில் ஒரு புழுவோடு போய் நிற்பதைவிட, சங்கத்தின் பெயரால் பத்துத் தோட்டத்து மாதிரிகளை ஒருசேரக் கொண்டுபோனால், சரிவின் எந்த உயரத்தில் எந்த மாதத்தில் எது தலைகாட்டுகிறது என்பதும் அவர்களுக்குப் புலப்படும்; பதிலும் பத்துப் பேருக்கும் பயன்படும்.

மாதிரி அனுப்புவதில் அடிக்கடி நேரும் தவறுகள் இரண்டு. புழுவை பிளாஸ்டிக் பையில் இறுக முடிந்து ஜீப்பில் கொடுத்துவிடுகிறார்கள். போய்ச் சேருவதற்குள் வியர்த்து அழுகிவிடுகிறது. தட்டைத்துண்டோடு காகிதத்தில் சுற்றி, மூங்கிற் கூடையிலோ துளையிட்ட அட்டைப் பெட்டியிலோ அனுப்பினால் உயிரோடு போய்ச் சேரும். செத்த புழுவானால் சிறிய சீசாவில் சாராயத்தில் இட்டு அனுப்பலாம். மற்றொரு தவறு, சீட்டு இல்லாமல் அனுப்புவது. எந்தச் செடியில், எந்தப் பாகத்தில் கிடைத்தது, தோட்டம் எந்த ஊர்ச் சரிவில் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, பக்கத்தில் இஞ்சியோ மஞ்சளோ ஆமணக்கோ இருக்கிறதா, நிழல் மரம் எது, கடைசியாக என்ன மருந்து எப்போது அடிக்கப்பட்டது ஆகிய இவ்வளவும் ஒரு துண்டுக் காகிதத்தில் அடங்கும். புழுவைப் பார்ப்பதற்கு முன் ஆராய்ச்சிக்காரர் அந்தச் சீட்டைத்தான் பார்ப்பார். சீட்டை ஒவ்வொரு மாதிரியோடும் தனித்தனியே கட்டவேண்டும். மலையில் ஈரத்துக்கு மை கரைந்துவிடுமாதலால் பென்சிலால் எழுதுவது நல்லது.